படுக்கையிலிருந்து எழுப்பிய அகதி வைத்தியர்

எங்கட ஊரில் ஒருவருக்குக் கால் முறிந்தால் பரியாரியார் வந்து பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சொல்லுவது ஒன்றுதான்: "ஆடாமல் அசையாமல் கிட!" முறிந்த எலும்பு பொருந்தும்வரை அந்த இடம் அசையக்கூடாது என்பது சரி. ஆனால் ஒரு காலுக்காக முழு உடம்பையும் மாதக்கணக்கில் கிடத்தி வைப்பது சரியா?

இது எங்கட சனத்தின் எண்ணம் மட்டுமல்ல. ஓய்வே பெரிய மருந்து என்று 1863 இல் இங்கிலாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹில்டன் ஒரு நூலே எழுதினார். பல பத்தாண்டுகளாகப் படித்த வைத்தியர்களும் அதைத்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் எங்களைப்போல ஓர் அகதி. ஆகவேதான் அவரைப்பற்றி இம்மலரில் எழுத விரும்பினேன்.

லுட்விக் குட்மன் 1899 இல் ஜெர்மனியில் பிறந்த யூதர், நரம்பியல் வைத்தியர். 1938 நவம்பரில் யூதருக்கு எதிரான வன்செயல் வெடித்தபோது, பிரெஸ்லவ் நகர யூத வைத்தியசாலைக்கு அவரே பொறுப்பாக இருந்தார். அன்றிரவு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் நோயாளியாக அனுமதிக்கச் சொன்னார். அப்படி வந்த 64 பேரில் 60 பேரைக் கைதாகாமல் காப்பாற்றினார். 1939 மார்ச்சில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

1944 பெப்ரவரியில், ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு காயப்பட்ட படையினருக்கான பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இப்படிக் காயப்பட்டவர் பிழைப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பலரைக் கொன்றது காயமல்ல; கிடந்து கிடந்து வந்த படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும்தான். குட்மன் இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். பிறகு எழுந்து இருக்கப் பழக்கினார். கைக்கும் தோளுக்கும் பலம் கொடுக்கப் பந்து விளையாட்டையும், அம்பெய்தலையும் சிகிச்சையாகவே கொண்டுவந்தார். 1948 ஜூலை 29, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வைத்தியசாலைப் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பெய்தார்கள். அந்தச் சிறிய போட்டிதான் 1960 இல் ரோமில் சுமார் 400 பேர் பங்குபற்றிய விளையாட்டு விழாவாக வளர்ந்தது. இன்றைய பராலிம்பிக் அதன் தொடர்ச்சியே.

"சரி, அசையத்தான் வேணும், எவ்வளவு?" என்று கேட்பீர்கள். அதற்கும் அதே யுத்த காலத்தில் விடை கிடைத்தது. அமெரிக்கப் படை வைத்தியர் தோமஸ் டிலோர்ம், முழங்கால் காயப்பட்ட படையினருக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்து, அதன் பலனை 1945 இல் வெளியிட்டார். ஒருவர் பத்துமுறை தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரம் எவ்வளவு என்று முதலில் அளப்பார். பின்னர் அவர் வகுத்த ஒழுங்கின்படி, அதில் அரைவாசியைப் பத்துமுறை, முக்கால்வாசியைப் பத்துமுறை, முழுவதையும் பத்துமுறை தூக்கவேண்டும். பலம் கூடக்கூடப் பாரமும் படிப்படியாகக் கூடும். அவசரமும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை.

இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது? யுத்தத்தில் காயப்பட்டவர்களும், வந்த நாட்டில் வேலைத்தலத்தில் விழுந்தவர்களும் எங்களுக்குள் இருக்கினம். "இனி என்னால் ஏலாது" என்று வீட்டு மூலையில் ஒதுங்கியவர்களும் இருக்கினம். அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். எதை அசைக்கலாம், எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ முதலில் கேளுங்கோ. பாஷை விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ; தலையாட்டிவிட்டு வந்துவிடாதேங்கோ. காயப்படாத கைகால்களுக்கு வேலை கொடுங்கோ. பயிற்சியின்போது சிறு நோவு வருவது வழமை. மறுநாளும் நோவோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறையுங்கோ. கெண்டைக்கால் திடீரென வீங்கினாலும், நெஞ்சு நொந்து மூச்சு முட்டினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேணும். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

குட்மன் 1966 இல் சேர் பட்டம் பெற்று, 1980 இல் காலமானார். நாடிழந்து வந்த ஒருவர், வந்த நாட்டில் கைவிடப்பட்டவர்களை எழுப்பி இருத்தினார். எங்கள் வீடுகளில் காயப்பட்டுக் கிடப்பவரிடம் இந்தப் புத்தாண்டிலாவது "கிட" என்று சொல்லாமல், "மெல்ல எழும்பு, நான் பிடிக்கிறன்" என்று சொல்லுவோம்.