கீழே கடை, மேலே வீடு



நமது பள்ளியில் படித்த மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் நம்மைக் காண வந்தார். மகன் கிள்ளானில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறானாம். கீழ்த்தளத்தில் கடைகள், அவற்றுக்கு மேலே குடியிருப்பு. "வாத்தியாரையா, நிலமே இல்லாத வீடு எப்படி நமக்குச் சொந்தமாகும்?" என்று அவர் கேட்டார். வேலை நின்றால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய கேள்விக்கு வரலாற்றில் விடை தேடுவோம்.

கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டுவது புதிய வழக்கமன்று. 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரை முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்தன. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் அது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைத் திரும்பக் கட்டச் செய்தார். செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

அவ்வாறு எழுந்தவைதாம் கடைவீடுகள். குறுக்கே போடும் மர உத்தரம் எட்டும் அளவே அவற்றின் அகலம். நீளமோ அதனினும் பன்மடங்கு. காற்றும் வெளிச்சமும் வர நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்தனர். முன்புறத்தில் கூரையுடன் கூடிய நடைபாதை ஒன்றும் இருந்தது. நம்மவர் அதை 'அஞ்சடி' என்பர்; மலாய் மொழியில் 'காக்கி லீமா'. இம்முறையை 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்தவர் ராபிள்ஸ். அஞ்சடி கடைக்காரரின் நிலத்தில் இருந்தாலும், மழையிலும் வெயிலிலும் அதில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிலம் யாருடையதோ, மாடியும் அவருடையதே. மாடியில் குடியிருந்தோர் பலர் வாடகைக்கு இருந்தவர்களே. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வீடுகளும் உத்தியோகத்தோடு வந்தவையே. அவை 2014இல் இடிக்கப்பட்டன. குடியிருப்பது வேறு, சொந்தம் என்பது வேறு என்பதை இதனால் அறியலாம்.

இந்நிலையை மாற்றியது சட்டமே. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், கட்டடத்தைப் பிரித்துத் தனித்தனிப் பட்டா வழங்க வழி செய்தது. பின்னர் 1985இல் இதற்கென ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டம் தனியாக வந்தது. ஆகவே, எத்தனையாவது மாடியில் இருந்தாலும் வீட்டுக்குத் தனிப் பட்டா பெறலாம். தாயாரின் கேள்விக்கு இது பாதி விடை.

மறுபாதி அஞ்சடியில் இருக்கிறது. மாடிப்படி, மின்தூக்கி, கூரை, குழாய் ஆகியவை தனி ஒருவருக்கு உரியன அல்ல, பொதுச்சொத்து. கடைக்காரரும் குடியிருப்போரும் தத்தம் பங்கின் அளவுக்கேற்பப் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். பெரிய பழுதுகளுக்கெனத் தனியே சேமநிதியும் உண்டு. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, கட்டணம் பாக்கி வைத்தவர் உரிமையாளர் கூட்டத்தில் ஓட்டளிக்க இயலாது.

லயத்தில் கூரை ஒழுகினால் நாம் கிராணியிடம் சென்று முறையிட்டோம். அடுக்குமாடியிலோ அந்தக் கூரைக்கு நாமும் ஒரு பங்காளி. ஆதலால் வாங்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: தனிப் பட்டா கிடைத்துவிட்டதா? மாதக் கட்டணம் எவ்வளவு? கடைகளின் குப்பையும் புகையும் வீட்டுப் பக்கம் வராதபடி கட்டடம் அமைந்துள்ளதா?

இவற்றைத் தாளில் எழுதி அத்தாயாரிடம் கொடுத்தோம். அவர் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "கூட்டத்துக்கு நானே போவேன்" என்றார்.