சட்டைப்பைக்குள் அடங்கிய ஆயுதம்

‘இனந்தெரியாத ஆயுததாரிகளால் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டு உயிரிழந்தார்.’ இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை தடவை பிறர் எழுதியதைத் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் செய்தி அறையில் ‘கைத்துப்பாக்கி’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அது என்ன அளவு, எந்த ரவை என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் சென்ற நூற்றாண்டின் அரசியலைத் திருப்பிப் பார்க்கும்போது, அந்த அளவு பற்றிய கேள்வி அப்படி ஒதுக்கத்தக்கதல்ல என்றே தோன்றுகிறது.

1914 ஜூன் 28 அன்று சராயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டையும் அவரது மனைவி சோபியையும் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றதை யாவரும் அறிவர். அவன் பயன்படுத்தியது 7.65 மில்லிமீற்றர் ரவையைக் கொண்ட 1900 ஆம் ஆண்டு மாதிரி பிரௌனிங் என்று நெடுங்காலமாகப் பல நூல்கள் எழுதிவந்தன. அது தவறு. இளவரசருக்கு இறுதிச் சடங்கு செய்த இயேசு சபைக் குருவானவர் பாதுகாத்து வைத்திருந்த அந்த ஆயுதம், 2004 ஆம் ஆண்டில் வியன்னா இராணுவ அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அது பெல்ஜியத்தில் தயாரான 1910 ஆம் ஆண்டு மாதிரி. அதன் இலக்கம் 19074. ரவை, 9 மில்லிமீற்றர் ‘குறும்’ வகை.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஜோன் பிரௌனிங் என்ற மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு துப்பாக்கித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த இவர், 1897 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகேயுள்ள ஹெர்ஸ்டால் ஆயுதத் தொழிற்சாலையுடன் உடன்பாடு செய்துகொண்டார். அதற்கு முன்னரும் மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிகள் இருந்தன. 1865 இல் லிங்கனைக் கொன்றது உள்ளங்கையளவு டெரிஞ்சர். ஆனால் அதில் ஒரு வெடிதான் உண்டு. சுழல்துப்பாக்கியிலோ ஐந்தாறு வெடிகள் உண்டு, எனினும் அதன் உருளை பருத்துப் புடைத்து நிற்கும். 1901 இல் பஃபலோ நகரில் ஜனாதிபதி மக்கின்லியை நெருங்கிய சொல்கோஸ், தன் .32 சுழல்துப்பாக்கியை மறைப்பதற்காகக் காயம்பட்டவன் போலக் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

பிரௌனிங் அந்த உருளையை அகற்றினார். ரவைகள் தட்டையாகக் கைப்பிடிக்குள் சென்றன. வெடியின் விசையைத் தாங்கப் பூட்டு எதுவும் இல்லை. மேற்பாகத்தின் எடையும் ஒரு சுருள்வில்லுமே போதும். இந்த எளிய பொறியமைப்பு தாங்கக்கூடிய அளவுக்கே ரவையும் மெலிதாக இருக்க வேண்டும். 6.35, 7.65, 9 குறும் ஆகிய மூன்று ரவைகளும் அவ்வாறு பிறந்தவையே. 6.35 ரவைக்கான 1906 மாதிரி 11.4 சென்ரிமீற்றர் நீளம், 400 கிராமுக்கும் குறைவு. மேற்சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. ஆனால் அதன் 3.2 கிராம் சன்னத்தின் வலு, 9 குறும் சன்னத்தின் வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். 1910 மாதிரி இரண்டுக்கும் நடுவே நின்றது. 15 சென்ரிமீற்றர் நீளம், சுமார் 600 கிராம். உடையில் சிக்க வெளியே துருத்தும் சுத்தியல் இல்லை. குழலை மாற்றினால் 7.65, 9 குறும் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம்.

இதே காலத்தில் இராணுவங்கள் எதிர்த்திசையில் சிந்தித்தன. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை .38 சுழல்துப்பாக்கியால் தடுத்து நிறுத்த முடியவில்லை என்ற முறைப்பாட்டையடுத்து, 1904 இல் அமெரிக்க இராணுவம் பிணங்களிலும் சிக்காகோவின் இறைச்சிக்கான மாடுகளிலும் சுட்டுப் பார்த்து, .45 க்குக் குறைந்த எதுவும் உதவாது என்று பரிந்துரைத்தது. அதன் விளைவான 1911 மாதிரியையும் வடிவமைத்தவர் இதே பிரௌனிங்தான். 21.6 சென்ரிமீற்றர், 1.1 கிலோகிராம். போர்க்களத்துக்கு அந்தக் கணக்குச் சரியாக இருக்கலாம். ஓரிரு மீற்றர் தூரத்தில் நின்றவனுக்கு அது தேவைப்படவில்லை. அவனது சிக்கல் அந்தத் தூரத்துக்குள் வருவது மட்டுமே.

இந்தப் பெல்ஜியத் துப்பாக்கி நம்மவர் வரலாற்றிலும் நுழைந்தது. லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங் துப்பாக்கிகளுள் ஒன்றே 1909 டிசம்பரில் நாசிக் நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில், ரயில் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷை நெருங்கிய வாஞ்சிநாதனின் கையிலிருந்ததும் பெல்ஜியத் தயாரிப்பே. நாடகம் பார்க்க வந்தவரும் ரயிலேற வந்தவரும் போலவே அவ்விளைஞர்கள் வந்தார்கள். தோளில் நீண்ட துப்பாக்கியுடன் அவர்கள் அங்கு போயிருக்க முடியுமா?

சராயேவோவில் அன்று காலை முதலில் வீசப்பட்டது குண்டு. அது இலக்குத் தவறி, பின்னால் வந்த வாகனத்தின் கீழ் வெடித்தது. 34 ஆண்டுகளின் பின் டில்லியிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் வைக்கப்பட்ட குண்டு வெடித்தும் காந்தியடிகளுக்குத் தீங்கு நேரவில்லை. 30 ஆம் திகதி கோட்சே கொண்டுவந்தது 1934 ஆம் ஆண்டு மாதிரி இத்தாலிய பெரெட்டா. பிரின்சிப்பின் ஆயுதத்தின் அதே 15 சென்ரிமீற்றர் நீளம். அதே 9 குறும் ரவை. இத்தாலியர் அதைக் ‘கோர்ட்டோ’ என்று அழைத்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

பதினொரு ஆண்டுகளின் பின், 1959 செப்டெம்பர் 25 அன்று, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். சோமராம தேரர் கொண்டுவந்தது தட்டையான பிரௌனிங் அல்ல, சுழல்துப்பாக்கி. மக்கின்லியைச் சுட்டவனுக்குக் கைக்குட்டை தேவைப்பட்டது. இங்கே காவியுடையின் மடிப்பு இருந்தது. பிக்கு ஒருவரைச் சோதனையிடுவதை அந்நாட்களில் எவரும் எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்றோ அமெரிக்க மாநிலங்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அச்சந்தைக்காக 2018 இல் வெளிவந்த சிக் நிறுவனத்தின் பி365, பிரின்சிப்பின் துப்பாக்கியைவிடச் சற்றே குட்டையானது, எடையும் குறைவு. ஆனால் அது சுடுவது இராணுவங்களின் முழு 9 மில்லிமீற்றர் ரவையை. ரவைக்கூட்டில் ஆறுக்குப் பதில் பத்து. பிரௌனிங்கின் காலத்தில் மறைவு வேண்டுமெனில் வலுவை இழக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரம் இப்போது பெருமளவுக்குத் தேவையற்றதாகிவிட்டது.

பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த பின்னர், பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிட்டு உள்ளே அனுப்ப வேண்டும் என்று உள்துறைக்குப் பொறுப்பாக இருந்த பட்டேல் விரும்பினார். காந்தியடிகள் அதற்கு இணங்கவில்லை. பத்தாம் நாள் மாலை கோட்சே கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கைகூப்பி வணங்கிவிட்டுச் சுட்டான்.