காலை ஐந்து மணி யாருடையது?

1996க்கும் 2006க்கும் இடையில இந்த நாட்டில ரெண்டு நேரம் ஓடினது. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களுக்குரிய நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடே மின்வெட்டில் கிடந்தது. பகல் வெளிச்சத்தைக் கூடப் பயன்படுத்தினால் மின்சாரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்ட அரசாங்கம், மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் கிட்டத்தட்டப் பத்து வருசம் அப்படியே நின்றது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நேரம்.

இதைக் கரடியனாற்றில் வைத்துப் பாருங்க. 2002 போர்நிறுத்த ஒப்பந்தக் காலத்தில் எங்கட ஊர் புலிகளின் பக்கம். பதுளை வீதியால் வந்தால் செங்கலடி அரசாங்கத்தின் பக்கம். நடுவில் கறுத்தப்பாலம். பாலத்துக்கு அங்கால ஆறு மணி என்றால் இங்கால ஐந்தரை. எட்டு மணி அலுவலுக்குச் செங்கலடி போக வேண்டிய ஆளுக்கு இங்கத்தைய மணிக்கூட்டில் ஏழரைக்கே அது தொடங்கிவிடும். ஒரே சூரியன்தான் உதிக்குது, ஒரே சேவல்தான் கூவுது. ஆனா "நான் எத்தனை மணிக்கு எழும்பினேன்?" என்ற கேள்விக்கு ரெண்டு பதில்.

வேலைக்கு முந்தின காலையை ஒழுங்கா வைத்திருப்பது தனி ஆளின் மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட விசயம் என்று சொல்லுறவங்களுக்கு நான் இந்த அரை மணித்தியாலத்தைத்தான் காட்டுவேன்.

இப்ப எங்கட வயசுக்காரர் எல்லாருக்கும் இந்தப் பாடம் நடக்குது. ஹால் எல்ரொட்டின் 'த மிரக்கிள் மோர்னிங்' 2012இல் வந்தது. ரொபின் சர்மாவின் 'த 5 ஏஎம் கிளப்' 2018இல் வந்தது. அதுகளைப் படிக்காதவங்களும் ரீல்ஸில் அதுகளின்ட சாரத்தைக் குடித்திருப்பாங்க. ஐந்துக்கு எழும்பு, உடற்பயிற்சி செய், எழுது, படி, எட்டு மணிக்குள்ள உலகத்தை வெல்லு.

இந்த யோசனை புதுசு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன்ர சுயசரிதையில் ஒரு நேர அட்டவணை போட்டிருக்கிறார். ஐந்துக்கு எழும்பி, எட்டு வரைக்கும் கழுவி, திட்டமிட்டு, படித்து, சாப்பிட்டு, எட்டுக்கு வேலை. இண்டைக்கு விற்கிற எல்லா அட்டவணைக்கும் அது ஒரு மூத்த பாட்டன். இதில் ரெண்டு விசயத்தை விற்கிறவங்க சொல்லுறதில்லை. ஒழுங்கு என்ற அந்த ஒரு குணம்தான் தனக்குக் கடைசி வரைக்கும் சரியா வரவில்லை என்று பிராங்க்ளினே அதே புத்தகத்தில் ஒத்துக்கொள்ளுகிறார். அடுத்தது, அவருடைய வீட்டில் அடிமைகள் இருந்தாங்க. அவர் திட்டமிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில் அந்த வீட்டின் அடுப்படியிலும் ஒரு காலை நடந்துகொண்டிருந்தது. அதுக்கு அட்டவணை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, எங்கட பக்கம் வருவோம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்துக்கு எழுவான்கரை என்று பேர், மேற்குப் பக்கத்துக்குப் படுவான்கரை. சூரியன் எழும்புற கரை, படுக்கிற கரை. ஊருக்கே நேரத்தால் பேர் வைத்த சனம் நாங்க. மணிக்கூடு வர முன்னம் நாழிகைக் கணக்கு இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். இரவில் விடிவெள்ளியைப் பார்த்து வெள்ளாப்பு வந்துவிட்டதை அறிந்தாங்க.

அந்தக் காலையில் சும்மா எழும்பவில்லை. உழவு மாட்டோடதான் நடந்தது, அதிலும் எருமை. எருமைக்கு வியர்வை கொஞ்சம்தான் வரும், வெயில் ஏறினால் தாங்காது, தண்ணியில் போய்ப் படுத்துவிடும். அதனால் இருட்டோட தொடங்கி வெயில் ஏற முதல் உழவை முடிக்க வேணும். ஆக ஐந்து மணியைக் கேட்டது எருமையின் உடம்புதான். வட்டையில் எந்த வயலுக்கு எப்ப தண்ணி என்று சொல்ல வட்டை விதானை இருந்தார். சூடு மிதிக்கிற காலத்தில் களவெட்டியில் இராவிராவா வேலை, அப்ப காலை என்றால் படுக்கிற நேரம். போகத்துக்குப் போகம் காலை மாறினது. வருசம் 365 நாளும் ஒரே மணிக்கு எழும்புறது ஒழுக்கம் என்று அங்க யாரும் நினைக்கவில்லை. அதுக்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. காணி வைத்திருந்த போடியாரின் காலையும் அவரிட்ட வேலை செய்தவரின் காலையும் அண்டைக்கும் ஒண்டு இல்லை.

அதே பதுளை வீதியால் மேல ஏறிப் போங்க, காலை வேறு மாதிரி ஆகும். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் மலையகத்தில் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்டாங்க. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனம் லயன்களில் இருந்தது. அங்க விடியல் தப்பு அடிக்கிற சத்தத்தில் தொடங்கும். பிறகு பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேணும், பேர் பதிய வேணும், கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார். பிந்தினால் திருப்பி அனுப்பலாம், அரைப் பேர் போடலாம். அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம். ஒரு மனிசரின் பேரையே பாதியாக்கிப்போடுற சொல். அந்தப் பெண்கள் பிரட்டுக்கு முதல் எழும்பிச் சமைத்து, பிள்ளையை விட்டுவிட்டு, மலை ஏறியிருக்கிறாங்க. யாரும் அதுக்கு 'மிரக்கிள்' என்று பேர் வைக்கவில்லை.

இங்கிலாந்திலும் இதுதான் நடந்தது. ஆலைகள் வந்த பிறகு தொழிலாளர்களை எழுப்புறதே ஒரு தொழிலாகியது. நீட்டுத் தடியால் மேல்மாடி ஜன்னலில் தட்டி, குழலால் பட்டாணிக் கடலையை ஊதி அடித்து எழுப்ப ஆட்கள் இருந்தாங்க. அதுக்குக் காசு கொடுத்தது எழும்புற தொழிலாளிதான். வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த மாற்றத்தைத்தான் பேசுது. முந்தி வேலை எவ்வளவு என்பது நேரத்தை முடிவு செய்தது, ஆலை வந்த பிறகு நேரம் வேலையை முடிவு செய்தது. சில முதலாளிமார் காலையில் மணிக்கூட்டை முன்னுக்கும் பின்னேரம் பின்னுக்கும் தள்ளி வைத்ததாகத் தொழிலாளர் சொன்ன சாட்சியங்களும் அதில் இருக்கு. நேரம் பிந்தினால் வெட்கப்பட வேணும் என்ற உணர்வு எங்களுக்குள் பிறவியிலேயே இருந்தது இல்லை. ஆலையும் பள்ளிக்கூடமும் அதைப் பழக்கிவிட்டது.

இலங்கையின் மணிக்கூட்டுக்கும் இதே கதைதான். கிரீன்விச்சை விட ஐந்தரை மணித்தியாலம் கூட என்ற நேரம் 1906இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், ரெண்டு தரம் முன்னுக்குத் தள்ளினாங்க, 1945இல் திருப்பி வைத்தாங்க. பிறகு 1996. இந்த மாற்றங்கள் எதிலும் எழும்புற ஆளிட்ட யாரும் கேட்கவில்லை. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் வெளிக்கிட வேண்டியிருக்கு என்பது. கணக்கு நேரானது. ஜனவரி கடைசியில் மட்டக்களப்பில் 6.20 மணியளவில் சூரியன் உதிக்கும். புது நேரத்தில் அது 6.50. பள்ளிக்கூடம் ஏழரைக்கு. தூரத்துப் பிள்ளை வீட்டால வெளிக்கிட்டது இருட்டில்.

இப்ப ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரம்தான். ஆனா எல்லாருக்கும் ஒரே காலை இல்லை. இராவில் யானைக்காக வயல் காவலில் முழித்திருந்த ஆளிட்ட "ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பு" என்று சொல்ல ஏலாது. யானை நடமாடுற வீதியில் வெள்ளாப்பில் ஓடப் போ என்றும் சொல்ல ஏலாது. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க இருட்டோட றோட்டில் நிற்கிற பிள்ளைகள் ஐந்து மணி கிளப்பில் சந்தா கட்டாமலே சேர்ந்தவங்க. 2017இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இந்த நாட்டில் முதல்தரமா நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒண்டு செய்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவழிக்கிற நேரம் ஆண்களை விட எவ்வளவோ கூட என்று அது காட்டினது. எங்கட அம்மாமார் கணக்கெடுப்பு இல்லாமலே அதைச் சொல்லுவாங்க.

அப்ப காலையில் ஒழுங்கே வேண்டாமா? வேணும். எட்டு மணி விரிவுரைக்கு வந்தாறுமூலை போற எனக்கும் வேணும். ஆனா வரலாற்றைப் பார்த்த பிறகு நான் ஒழுங்கை வேறு இடத்திலிருந்து எடுப்பேன். ஒண்டு, பருவம். சோதனை மாதத்துக் காலையும் விடுமுறைக் காலையும் ஒண்டாக இருக்கத் தேவையில்லை, போகத்துக்குப் போகம் மாறலாம். ரெண்டு, எருமையின் பாடம். உடம்புக்கு எது ஏலும், வெயில் எப்ப ஏறும் என்று பார்த்துத்தான் கடினமான வேலையை வைக்க வேணும். வெக்கையில் பின்னேரம் மூளை ஓடாது என்றால் வாசிப்பைக் காலையில் வை, அது காணும். மூண்டு, வட்டை விதானை. தண்ணியைப் போல காலையும் பங்கு போடுற பொருள். ஒருத்தரின் வயல் நிறைந்தால் இன்னொருத்தரின் வயல் காயும்.

இந்த மூண்டாவதுதான் முக்கியம். நீ ஐந்துக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் அமைதியாப் படிக்கிறாய் என்றால், அந்த அமைதியை நாலுக்கே எழும்பி யாரோ சமைத்துக் கொடுத்திருக்கிறாங்க. புது அட்டவணை போட முதல் வீட்டில் ஒருக்கா இருந்து பேசுங்க. தேங்காய் துருவுறது யார், தண்ணி அள்ளுறது யார், தம்பியை வெளிக்கிடுத்துறது யார் என்று பிரியுங்க. கிழமையில் மூண்டு நாள் அடுப்படி உங்கட பொறுப்பு என்றால், அந்த மூண்டு நாளும் அம்மாவுக்கு ஒரு காலை கிடைக்கும். அதில் அவங்க நித்திரை கொள்ளட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா இருக்கட்டும். அது அவங்கட விருப்பம்.