6746328388800: ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்

6746328388800 என்பது 13 இலக்கங்கள் கொண்ட ஓர் உயர் பகு எண். நம் வழக்கில் சொன்னால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் அதிகக் காரணிகள் கொண்டது உயர் பகு எண். 12-க்குக் காரணிகள் 6. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 4-க்கு மேல் இல்லை. நம் எண்ணுக்கோ 10080. இதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றைத் தலா ஒரு முறை எடுத்துப் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2; விடை 10080. அடுக்குகள் இறங்குமே தவிர ஏறாது. 4, 36 இரண்டைத் தவிர்த்தால், உயர் பகு எண்ணின் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும் ராமானுஜன் நிறுவினார்.

இந்த எண் 1 முதல் 28 வரை எதனாலும் மீதியின்றி வகுபடும், 29-இல் தடுக்கும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 63, அதனாலும் வகுபடும் என்பதால் கணித அறிஞர் கப்ரேகர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் இது சேர்த்தி. தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக இருப்பதால் மிகை எண்ணும்கூட, ஆனால் 6-க்கு மேற்பட்ட உயர் பகு எண்கள் எல்லாமே மிகை எண்கள்தாம், அதில் தனிப்பெருமை ஏதுமில்லை. ‘மேனிலை உயர் பகு எண்’ என்ற கெடுபிடியான வகுப்பில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. இதன் மூன்றில் ஒரு பங்கான 2248776129600-க்கு அங்கே இடமுண்டு.

இந்த அட்டவணையைத் தந்த ராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேலதிகாரி நாராயண ஐயரே கணிதக்காரர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். அப்படி இருவர் வாய்த்தது ராமானுஜனின் அதிர்ஷ்டம். 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். 1914 மார்ச் 17 அன்று அதே துறைமுகத்தில் இங்கிலாந்துக்கு ‘நெவாசா’ கப்பல் ஏறினார். உயர் பகு எண் ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது.

அட்டவணையில் உள்ளவை 102 எண்கள். கையாலேயே போட்ட அந்தக் கணக்கில் 293318625600 என்ற ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், விடுபட்டதை 23-ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் கடைசி எண்ணேதான்! போர்க்காலப் பணமுடையால் இதழில் இடம்பெறாமல் போன கட்டுரையின் மிச்சப் பகுதி 1997-இல்தான் அச்சேறியது.

கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் முயற்சியில் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் சென்னை ராயபுரம் சோமு செட்டி தெருவில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், கிளம்பும் முன் 23-ஆல் பெருக்கும் அந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.