இரண்டு குழாய்கள் தொட்டுக்கொண்டால்

அணுசக்தி நகரின் கதையைச் சொல்லப் புகுந்தவர்கள் பெரும்பாலும் விழாத் தேதிகளையே பிடித்துக்கொள்கிறார்கள். 1956 ஆகஸ்டில் அப்சரா உலை, 1960இல் சைரஸ் உலை, 1974 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. மும்பையில் செம்பூருக்கு அப்பால், டிராம்பே மலையை ஒட்டிய இந்தக் குடியிருப்பிலிருந்து பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய பிரச்சினை இந்தப் பட்டியலில் வராது. ஒரு குழாய் இன்னொரு குழாய்மேல் படாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே அது. டிராம்பே தன் காலில் நின்றதற்கு அத்தாட்சி கேட்டால், பொக்ரானைவிட இந்த வேலையைத்தான் காட்ட வேண்டும்.

ராஜஸ்தானின் ராவத்பாட்டாவிலும் கல்பாக்கத்திலும் முதலில் எழுந்த கனநீர் உலை ஒவ்வொன்றிலும் 306 படுக்கைக் குழாய்கள். ஒன்றை மட்டும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும்: நடுவே யுரேனியம் ஆக்சைடு வில்லை, அதைச் சுற்றி ஜிர்கலாய் என்ற ஜிர்கோனியக் கலவையாலான உறை, பாயும் கனநீர், அழுத்தக் குழாய், வாயு இடைவெளி, கடைசியாகக் கலாண்ட்ரியா குழாய். இவற்றில் சில தொட்டே ஆக வேண்டும். வில்லை சூட்டில் உப்பி உறையை நெருக்கும். அந்த உராய்வைத் தணிக்க உறையின் உட்புறத்தில் மெல்லிய கிராஃபைட் பூச்சு கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆனால் அழுத்தக் குழாயும் கலாண்ட்ரியா குழாயும் தொடவே கூடாது. உள்ளே கிட்டத்தட்ட 290 டிகிரி சூடு, வெளியே குளிர்ந்த கனநீர், நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இடைவெளி. சூடு, எரிபொருளின் பாரம், நியூட்ரான் அடி மூன்றும் சேர்ந்து குழாயை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ய வைக்கும். அதைத் தாங்கப் போட்டவைதான் கார்ட்டர் ஸ்பிரிங் என்ற சுருள் வளையங்கள். பழைய உலைகளில் குழாய்க்கு இரண்டே வளையங்கள், அவையும் தளர்வாகப் போட்டவை. கட்டுமானக் காலத்து அதிர்விலேயே அவை இடம் பெயர்ந்துவிடக்கூடும்.

வளையம் நகர்ந்தால் குழாய் தொட்டுவிடும். இரண்டு வளைந்த பரப்புகள் அழுந்தும்போது எவ்வளவு அகலத்துக்கு ஒட்டும் என்ற கணக்கை 1882இலேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் போட்டுவிட்டார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது, அழுத்தம் போனதும் பழைய வடிவுக்குத் திரும்பும் சீரான பொருளை. இங்கே உலோகம் தொய்ந்துகொண்டே இருக்கிறது, மேலே ஆக்சைடு படலம் வேறு. ஒட்டும் அகலம் தெரிந்தால்தான் அங்கே எவ்வளவு வெப்பம் கசியும், குழாய் எவ்வளவு குளிரும் என்று சொல்ல முடியும். குளிர்ந்த இடத்தைத் தேடி, அரிப்பினால் உலோகத்துக்குள் நுழைந்த ஹைட்ரஜன் வந்து சேரும், ஹைட்ரைடு கொப்புளமாகும், கொப்புளம் விரிசல் விடும். 1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் 2ஆம் உலையில் ஒரு குழாய் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது இப்படித்தான். கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது அதே ஆண்டு ஜூலை 2 அன்று. அங்கும் அதே ஜிர்கலாய்-2 அழுத்தக் குழாய்கள், அதே தளர்ந்த வளையங்கள்.

கனடா கண்டுபிடித்ததை டிராம்பே நகலெடுத்தது, இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். வடிவமைப்பு கனடாவுடையது என்பது உண்மை. ஆனால் 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அந்த நாடு கைகழுவிவிட்டது. ராவத்பாட்டாவின் இரண்டாவது உலையை 1980இல் இயக்கியதே நம்மவர்கள்தான். கொப்புளம் ஏன் வருகிறது என்பதை ஆய்விதழில் படித்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு நிறைந்த, எட்டு சென்டிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள குழாய்க்குள் கருவியை அனுப்பி வளையம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் படிப்பு போதாது. மீயொலியாலும் சுழல் மின்னோட்டத்தாலும் குழாயைச் சோதிக்கும் பார்சிஸ், வளையத்தை மீண்டும் இடத்தில் நகர்த்தும் இன்கிரெஸ், ஹைட்ரஜன் அளவை அறியக் குழாயின் உட்சுவரிலிருந்து மெல்லிய சீவலைச் சுரண்டி எடுக்கும் கருவி ஆகியவை டிராம்பேயில் உருவானவை. ராவத்பாட்டா 2ஆம் உலையின் 306 குழாய்களும் 1994க்கும் 1998க்கும் இடையே மாற்றப்பட்டன. அடுத்த பத்தாண்டில் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளுக்கும் அதே சிகிச்சை.

இன்னொரு ஆட்சேபத்தை இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஹைட்ரஜனைக் குறைவாக உறிஞ்சும் ஜிர்கோனியம்–நியோபியம் கலவைக்குக் கனடா 1970களிலேயே மாறிவிட்டது. நாம் குஜராத்தின் கக்ரபார் முதல் உலை வரை, அதாவது 1990களின் தொடக்கம் வரை, ஜிர்கலாய்-2வையே போட்டுக்கொண்டிருந்தோம். புதுக் கலவையும் நான்கு இறுக்கமான வளையங்களும் பிறகுதான் வந்தன. தாமதம் தாமதம்தான், அதற்கான விலையைக் குழாய் மாற்றும் செலவாகவும், உலைகள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த காலமாகவும் கொடுத்தோம். புதுக் கலவையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2015, 2016இல் கக்ரபாரில் கசிந்தவை அந்தக் கலவைக் குழாய்களே. அங்கே குழாய்கள் ஒன்றையொன்று தொட்டதால் வந்த வினையல்ல. வெளிப்புறத்தில் ஆங்காங்கே அரிப்பு கண்டிருந்தது.

இந்த வேலையைச் செய்தவர்கள் ஓய்வு பெற்றுச் செம்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியவை பெரும்பாலும் துறை அறிக்கைகளில்தான் கிடக்கின்றன. கருவி குழாய்க்குள் சிக்கிக்கொண்ட நாளில் என்ன செய்தார்கள் என்பது அறிக்கையில் இருக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.