முன்கட்டண உணவுத் திட்டம்

முன்கட்டண உணவுத் திட்டம் என்பது, பயணம் புறப்படும் முன்னரே, தங்கப்போகும் நாட்களுக்கான சாப்பாட்டுச் செலவை விடுதிக்கோ கேளிக்கைப் பூங்காவுக்கோ மொத்தமாகக் கட்டிவிட்டு, அங்கே சென்றபின் ஒவ்வொரு வேளையும் பணம் தராமல், கட்டிய தொகைக்கு ஈடாகக் கிடைத்த உரிமையைக் காட்டி உண்ணும் ஏற்பாடாகும். ராட்டினங்களும் காட்சிகளும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஒரே வளாகத்தில் அமைந்த பெரிய பூங்காக்களில் இது மிகவும் விரிவாக வளர்ந்துள்ளது. ஏனெனில், உள்ளே வந்தவர் சாப்பாட்டுக்காக வெளியே போகாமல் இருப்பதில்தான் அந்த நிர்வாகங்களின் வருவாய் பெருமளவு அடங்கியிருக்கிறது. இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரு வேளைக்கு என்ன விலை விழுகிறது என்று மட்டுமே பார்க்கின்றனர். ஆனால் பணம் கட்டியும் உண்ணாமல் போன வேளை யார் கணக்கில் சேர்கிறது என்னும் விதியே ஒரு திட்டத்தின் இயல்பைக் காட்டுகிறது.

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள கூத்தாநல்லூர், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றோடு வணிகத்தாலும் வேலையாலும் நெடுங்காலமாகப் பிணைந்த ஊராதலால், இவ்வகைத் திட்டங்கள் அவ்வூர்க் குடும்பங்களுக்கு எட்டாத செய்தி அல்ல. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் பெற்றோரை அழைத்து, 2010இல் செந்தோசா தீவில் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கோ, மலேசியாவின் கெந்திங் மலைக்கோ கூட்டிச் செல்லும்போது, நுழைவுச்சீட்டோடும் அறை வாடகையோடும் சாப்பாட்டையும் சேர்த்து வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. சுற்றுலா முகவர்கள் தரும் விலைப்பட்டியலில் இந்தக் கேள்வி நான்கு சுருக்கெழுத்துகளாக அடங்கியிருக்கும்: ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் அறையும் காலை உணவும், எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியம் அல்லது இரவு ஒரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளிலும் இதே வழக்கம்தான்.

உணவையும் பொழுதுபோக்கையும் ஒரே தொகைக்குள் அடக்கும் முறைக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தது, 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களோடு தொடங்கப்பட்ட கிளப் மெட் நிறுவனமாகும். அங்கே சாப்பாடு கட்டணத்தில் அடங்கியிருந்தது. மதுக்கூடத்தில் வாங்கும் பானங்களுக்கு மட்டும், முன்னரே காசு கொடுத்து வாங்கிக் கழுத்திலோ கையிலோ அணிந்துகொண்ட மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. கடற்கரையில் பணப்பையைத் தூக்கித் திரிய வேண்டாம் என்பது வெளிப்படையான காரணம். மணியைக் கொடுக்கும் கை பணத்தை எண்ணும் கையைப் போலத் தயங்குவதில்லை என்பது, வெளியே சொல்லப்படாவிட்டாலும், அதே அளவு முக்கியமான காரணம்.

இத்துறையில் மிக நுணுக்கமாக வகுக்கப்பட்ட திட்டம், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் 2005இல் அறிமுகமான டிஸ்னி உணவுத் திட்டமாகும். 2020இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்ட இத்திட்டம் 2024 ஜனவரி 9 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வளாகத்துக்குள் உள்ள நிர்வாகத்தின் விடுதிகளில் தங்குவோரே இதை வாங்க முடியும். இதில் அளவுகோல் பணம் அன்று. கிரெடிட் எனப்படும் உணவு உரிமை. ஒரு கிரெடிட் என்பது ஒரு வேளை. அந்த வேளையில் எடுக்கும் பண்டம் விலை குறைந்ததாயினும் கூடியதாயினும் கழியும் உரிமை ஒன்றுதான். கவுன்டரில் நின்று வாங்கி உண்ணும் விரைவு உணவுக்கு ஒரு வகைக் கிரெடிட்டும், மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் உணவுக்கு இன்னொரு வகையும், நொறுக்குத் தீனிக்கு மூன்றாவது வகையும் உண்டு.

டிஸ்னி தரும் இரு திட்டங்களில் எளிய திட்டத்தை வாங்கினால், ஒருவருக்குத் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இரண்டு விரைவு உணவும் ஒரு தீனியும் கிடைக்கும். பெரிய திட்டத்தில் ஒரு விரைவு உணவு, ஒரு மேசை உணவு, ஒரு தீனி கிடைக்கும். இரண்டிலும், விடுதியில் மீண்டும் மீண்டும் பானம் நிரப்பிக்கொள்ளும் குவளை ஒன்று ஆளுக்குத் தரப்படும். 2024இல் திட்டம் திரும்ப வந்தபோது, 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஓர் இரவுக்கு எளிய திட்டம் 57.01 டாலராகவும் பெரிய திட்டம் 94.28 டாலராகவும், 3 முதல் 9 வயதுள்ள குழந்தைக்கு முறையே 23.83, 29.69 டாலராகவும் இருந்தது. கணவன், மனைவி, 7 வயதுக் குழந்தை என மூவர் அந்த விலையில் நான்கு இரவு தங்கி எளிய திட்டத்தை எடுத்திருந்தால், ஓர் இரவுக்கு 137.85 டாலர் வீதம் 551.40 டாலர் ஆகியிருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, நான்கு இரவு என்பது வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் சேர்த்தால் ஐந்து பகலாகும் என்பதாகும். ஆளுக்கு எட்டு வேளைச் சாப்பாட்டை ஐந்து பகலுக்குப் பரப்ப வேண்டியிருக்க, திட்டம் வாங்கிய குடும்பமும் இடையிடையே கைக்காசில் உண்ண நேரிடும்.

அறையில் தங்கும், 3 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் ஒரே திட்டத்தையே, தங்கும் எல்லா இரவுகளுக்கும் வாங்கியாக வேண்டும். நிறைய உண்ணும் மகனுக்கு மட்டும் வாங்கி, அரை வயிறு சாப்பிடும் பாட்டிக்கு விட்டுவிட இயலாது. பெயர்பெற்ற உயர்தர உணவகங்களில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மேசைக் கிரெடிட் கழிகிறது. பரிமாறுவோருக்கு விட்டுச்செல்ல வேண்டிய டிப்ஸ் பெரும்பாலான இடங்களில் திட்டத்தில் அடங்காது. அமெரிக்காவில் அது பில் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு வரை போவதால், எல்லாம் கட்டியாயிற்று என்று எண்ணி அமர்ந்தவருக்கு அது கனமான புதுச் செலவாகும். மேலும், 2018 முதல் 21 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு வேளையோடு ஒரு மதுபானமும் பெறும் உரிமை சேர்க்கப்பட்டதால், எல்லோருக்கும் பொதுவான விலைக்குள் அதன் செலவும் கலந்திருக்கிறது. மது தொடாத குடும்பம் பழச்சாறோ மில்க்‌ஷேக் போன்ற பால் பானமோ எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டும் தொகை மாறுவதில்லை. மதுவை விலக்கும் குடும்பங்கள் மிகுந்த கூத்தாநல்லூரைப் போன்ற ஊரிலிருந்து செல்வோருக்கு இது சிறு செய்தியன்று.

உண்ணாமல் மிஞ்சிய வேளை பற்றிய விதி ஒற்றை வரியில் அடங்கும்: அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு மிச்சக் கிரெடிட்டுகள் காலாவதியாகும், பணம் திரும்பாது. மழையால் உணவகத்துக்குப் போக முடியாமற்போனதும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும், ராட்டின வரிசையில் மதியம் கழிந்துபோனதும் நிறுவனத்தின் கணக்கில் மிச்சமாகவே நிற்கும். கடைசி நாளன்று தீனிக் கடைகளில் குடும்பங்கள் தேவையின்றி இனிப்புப் பொட்டலங்களை வாங்கிச் சேர்ப்பது இந்த விதியின் நேரடி விளைவாகும்.

முன்னரே கட்டிய பணம் மனத்தில் எவ்வாறு மறைந்துபோகிறது என்பதை, 1998இல் டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை விளக்கியது. செலவு செய்யும் வலியும் நுகரும் இன்பமும் ஒரே நேரத்தில் நேரும்போது வலி இன்பத்தைக் குறைக்கிறது என்றும், முன்கூட்டிக் கட்டிவிட்டால் நுகர்வது இலவசம் போலத் தோன்றுகிறது என்றும் அவர்கள் காட்டினர். எனவே, இத்திட்டத்தை வாங்குவோர் ஏமாறுகின்றனர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வேளையும் விலைப்பட்டியலின் வலப்பக்கத்தைப் பார்த்துப் பிள்ளைகளின் ஆசையை மறுக்கும் தந்தைக்கு, அந்த மறுப்பிலிருந்து நான்கு நாள் விடுதலை கிடைப்பது உண்மையான பயனே. அந்த நிம்மதிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுப்பதே வேண்டியது.

தமிழ்நாட்டில் முன்கட்டணச் சாப்பாடு புதிதன்று. அதன் உள்ளூர் வடிவங்கள் சில, உண்ணாத வேளையைப் பற்றி மேலும் நியாயமான விதிகளைக் கொண்டுள்ளன. மெஸ்களில் மொத்தமாக டோக்கன் வாங்கியவர், தேதி குறிக்கப்படாதவரை, ஊருக்குப் போய்வந்த பின்னும் அதைக் கொடுத்துச் சாப்பிடலாம். கல்லூரி விடுதிகளில் நிலவும் டிவைடிங் சிஸ்டம், மாதத்தின் மொத்தச் சமையல் செலவை மாணவர்கள் உண்ட நாட்களால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கிறது. முன்கூட்டி எழுதிக்கொடுத்து விடுப்பில் சென்ற நாட்களை, விடுதி விதித்த வரம்புக்கு உட்பட்டு, மெஸ் ரிடக்‌ஷன் என்று கழித்துவிடுகின்றனர். மிச்சம் எவருக்கும் இலாபமாகாமல் எல்லோருக்கும் பங்காகும் ஏற்பாடு இது. வந்தே பாரத், சதாப்தி ரயில்களில் பயணச்சீட்டோடு உணவுக் கட்டணமும் சேர்ந்திருந்தாலும், முன்பதிவின்போதே வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகியவர் ரயிலில் ஏறிய பின் சாப்பாடு கேட்டால் வேளைக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 2022இல் விதிக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மூத்ததும், தத்துவத்தில் முற்றிலும் மாறுபட்டதும், உண்பவருக்குப் பதிலாக வேறொருவர் முன்னரே கட்டிவிடும் முறையாகும். கூத்தாநல்லூருக்கு அருகிலுள்ள நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரிலும், ஒரத்தநாட்டில் 1802இல் முத்தாம்பாள் பெயரிலும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் அமைத்த சத்திரங்கள், இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்குச் சோறிடுவதற்கென்றே கிராமங்களின் வருவாய் ஒதுக்கப்பட்டவை. அம்மன்னர்களுள் ஒருவரான இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், எல்லாச் சாதியினருக்கும் பல வகைத் துறவிகளுக்கும் இத்தகைய சத்திரங்களில் சோறு வழங்கப்படுவதையும், சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் பிற பண்டங்களும் கொடுக்கப்படுவதையும், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிக்கப்படுவதையும் விவரிக்கிறார். டிஸ்னி திட்டத்தில் உண்ணாதவரின் உரிமை முடியும் அதே நள்ளிரவில், சத்திரத்தில் உண்ணாதவரைத் தேடி அழைத்தனர். அன்னதானக் கட்டளைக்காகக் கோயில்களில் இன்றும் வைப்புத்தொகை கட்டப்படுவதும், 2002இல் தொடங்கிய அரசின் கோயில் அன்னதானத் திட்டத்துக்கு நன்கொடை பெறப்படுவதும் இம்மரபின் தொடர்ச்சியே.

பூங்கா விடுதித் திட்டத்தை வாங்க எண்ணும் குடும்பம், முதலில் அதே உணவகங்களின் விலைப்பட்டியலை எடுத்து, தாங்கள் வழக்கமாக உண்ணும் அளவில் தனித்தனியே வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஹலால் உணவோ சைவ உணவோ மட்டுமே உண்பவர்கள், திட்டம் செல்லும் உணவகங்களுள் எத்தனையில் அது கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. முப்பது உணவகங்கள் அடங்கிய திட்டத்தில் நான்கில் மட்டுமே உண்ண முடியுமானால், அந்தக் குடும்பத்துக்கு அது நான்கு உணவகத் திட்டமே. மேசை உணவுக்கு முன்பதிவு செய்யாமல் கிரெடிட் மட்டும் வைத்திருப்பதால் இடம் கிடைத்துவிடாது என்பதால், முன்பதிவு எந்த நாளில் திறக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விமானம் நள்ளிரவில் இறங்கும் நாளும் அதிகாலையில் புறப்படும் நாளும் சாப்பாட்டுக் கணக்கில் பாதி வீணாகும். அத்தகைய பயணங்களுக்குக் காலை உணவு மட்டும் சேர்ந்த சி.பி. கட்டணமே பெரும்பாலும் போதும்.