யோகிகளைச் சோதித்த டாக்டர் ஆனந்த்

சாணக்யபுரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் நேரு பூங்காவில் நடக்கப் போனால் நம்மவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவோம். சென்ற மாதம் ஒரு நண்பர், "யோகிகள் ஹிருதயத்தையே நிறுத்துவா ஸார். இங்கே எய்ம்ஸ்லயே மெஷின் வெச்சு நிரூபிச்சிருக்கா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எய்ம்ஸில் சோதனை நடந்தது நிஜம். ஆனால் அங்கே தெரியவந்தது அதுவல்ல. சோதனை செய்த டாக்டர் பல்கிருஷ்ண ஆனந்தின் பெயரும் அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1917-ல் பிறந்த ஆனந்த் லாகூரில் மருத்துவம் படித்தவர். பிரிவினைக்குப் பின் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். அங்கிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் ப்ரோபெக் என்பவருடன் 1951-ல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். எலியின் மூளையில் ஹைபோதலமஸ் என்ற பகுதியின் ஓரத்தில், இருபுறமும் ஒரு சிறு இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்தால், எதிரே தீனி இருந்தும் அது தொடாமல் பட்டினி கிடந்து செத்துப்போகிறது! பசியைத் தூண்டும் மையம் மூளையில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஏகாதசியன்று பத்து மணிக்கே கூப்பாடு போடுவது வயிறு என்று விலங்கியல் படித்த நானே வெகுநாள் நினைத்திருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது 'போதும்' என்று சொல்லும் மையத்தின் மின் இயக்கம் கூடுவதை 1962-ல் எய்ம்ஸிலிருந்தே அவர் குழு காட்டியது. அங்கே உடலியல் துறையை நிறுவியவரும் அவர்தான்.

இனி யோகிகள் விஷயம். 1935-லேயே தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சுப் பெண் மருத்துவர் இ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்து, ஒரு யோகியின் இருதயத் துடிப்பின் பதிவு ஏறக்குறைய மறைந்துபோனதாக எழுதியிருந்தார். ஆனந்தும் அவருடைய சகா சீனாவும் இப்படி இருதயத்தை நிறுத்துவதாகச் சொன்னவர்களைச் சோதித்து 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி, மார்புத் தசைகளை இறுக்கும்போது இருதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்கு எட்டவில்லை, ஸ்டெதஸ்கோப்பிலும் ஒலி கேட்கவில்லை. ஆனால் இ.சி.ஜி.யில் இருதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது.

அதே 1961-ல் அவர்கள் வெளியிட்ட மற்ற இரண்டு கட்டுரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காற்றுப் புகாத பெட்டிக்குள் உட்கார்ந்த ராமானந்த யோகி, சும்மா இருக்கும் உடம்புக்கு வேண்டிய அளவைவிடவும் வெகுவாகக் குறைத்தே பிராணவாயுவைச் செலவிட்டார். நரம்பியல் நிபுணர் டாக்டர் பல்தேவ் சிங்கும் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வில், ஸமாதியில் அமர்ந்த நான்கு யோகிகளின் மூளை அலைகளை இ.இ.ஜி.யில் பதிவு செய்தார்கள். பளிச்சென்ற வெளிச்சம், பலத்த சத்தம், சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை எதற்கும் ஆல்ஃபா அலை கலையவில்லை. ஸமாதியில் இல்லாதபோது அதே யோகிகளுக்குக் கலைந்தது. வேறு இருவர் 4 டிகிரிக் குளிர்நீரில் முக்கால் மணிக்கு மேல் கையை வைத்திருந்தும் அலை மாறவில்லை. (இந்த பல்தேவ் சிங், நம் சென்னை டாக்டர் பி. ராமமூர்த்தியோடு 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்.)

யோகத்தைப் பரிகசிக்கிறவர்களுக்கும் ஆனந்த் வசதியாக இல்லை, அற்புதம் தேடுகிறவர்களுக்கும் வசதியாக இல்லை. என் அபிப்ராயத்தில் அவர் பெயர் மறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அரசு கௌரவிக்கத் தவறவில்லை. 1963-ல் பட்நாகர் பரிசு, 1969-ல் பத்மஸ்ரீ. 2007-ல் காலமானார்.

மறுநாள் நடையில் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் சற்று வாடியது. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், "அந்தக் குளிர்ந்த ஜலத்துல கைய வெச்சா பாருங்கோ, அது நிஜந்தானே?" என்றார். நிஜம்தான் என்றேன்.